கடைசி வாரத்துக்குப் பாடத்திட்டம் இல்லை



வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம் மேடைகளில் போவதைப் பற்றித்தான் பேச்சு. எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு உதவித்தொகை, விசா எப்போது வரும், குளிருக்கு என்ன வாங்குவது. வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் விமான நிலையம் போவார்கள். ஆனால் ஒரே ஒரு செமஸ்டர் அங்கே இருந்து படித்துவிட்டுத் திரும்பும் மாணவர், அந்த ஊரிடம் எப்படி விடைபெற்றார் என்று யாரும் விசாரிப்பதில்லை. இன்று அதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

இந்த விடைபெறுதல் ஒரு தனி ரகம். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்குப் பழைய அலுவலகம் அங்கேயேதான் இருக்கும். பிறகொரு நாள் போனால் டீ வாங்கிக் கொடுக்க ஆள் இருப்பார்கள். செமஸ்டர் மாணவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே மாடியில், ஒரே அடுப்பில் நான்கைந்து மாதம் சேர்ந்து புழங்கிய பத்துப் பேரும் ஒரே வாரத்தில் பத்துத் திசைக்குப் பிரிகிறார்கள். அடுத்த மாதமே திரும்பிப் போனாலும் கட்டடம் இருக்கும். கதவைத் தட்டினால் முன்பின் தெரியாத முகம் எட்டிப் பார்க்கும். அதோடு, கிளம்பும் தேதி வந்து இறங்கிய நாளிலேயே தெரியும். அதனால்தானோ என்னவோ, ஊரில் ஐந்து வருடம் பிடிக்கும் சிநேகம் அங்கே ஐந்து வாரத்தில் முற்றிவிடுகிறது.

ஜெர்மனியில் ஒரு மாணவர் விடுதியின் கடைசி வாரத்தைப் பாருங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் உதவித்தொகையில் ஆய்வேட்டுக்காக அங்கே போய்வரும் சென்னை ஐஐடி எம்.டெக் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நாட்டைவிட்டே போவதால் நகராட்சி அலுவலகத்தில் வீட்டு முகவரிப் பதிவை ரத்துசெய்ய வேண்டும். வங்கிக் கணக்கை முடிக்க வேண்டும், செல்போன் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும். அறையை ஒப்படைக்கும் நாளில் விடுதிப் பராமரிப்பாளர் வந்து சுவரில் ஆணி அடித்த தடம் உண்டா, ஃப்ரிட்ஜ் துடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் திருப்தியானால்தான் கட்டிய முன்பணம் முழுதாகத் திரும்பும். அழுகை வருகிற நேரத்தில் ஆள் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு பெட்டி. விமானக் கம்பெனி 23 கிலோ என்று சொல்லிவிட்டது. கைத்தராசில் மாட்டித் தூக்கினால் 27 காட்டுகிறது. முதலில் வெளியே வருவது புத்தகம், அடுத்தது பூட்ஸ், கடைசியில் அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த குக்கர். குக்கரும் பாதி சாம்பார்ப் பொடியும் அடுத்து வரப்போகும் ஜூனியருக்கு என்று சமையலறை அலமாரியில் ஏறிவிடும். மற்றதெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, இலவசம், எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதித் தெருவோரம் வைத்துவிடுவார்கள். அந்த ஊர் வழக்கம் அது. சாயங்காலத்துக்குள் பெட்டி காலியாகிவிடும்.

இதற்கிடையே ஒரு கொடி கைமாறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பா எங்கும் பரிமாற்ற மாணவர்களிடையே உள்ள பழக்கம்: தன் நாட்டுக் கொடியையோ வந்த நாட்டின் கொடியையோ விரித்து வைத்து, நண்பர்கள் எல்லோரையும் மார்க்கர் பேனாவால் எழுதச் சொல்வது. போலிஷ் மொழியில் ஒரு வரி, துருக்கியில் ஒரு வரி, மூலையில் யாரோ வரைந்த பூனை. நம் பள்ளிகளில் கடைசி நாளன்று சுற்றுக்கு விட்ட ஆட்டோகிராஃப் நோட்டு, அங்கே துணியாகிவிட்டது. நம் பிள்ளைகள் தேசியக் கொடியில் எழுதக் கூடாது என்ற சட்டத்தை நினைத்து வெள்ளைத் துணியோ டி-ஷர்ட்டோ வாங்கிக்கொள்வது உத்தமம்.

இத்தனையும் மாணவர்களாகவே செய்துகொள்வது. வரவேற்புக்கு ஒரு வாரம் ஒதுக்கி, ஊரைச் சுற்றிக் காட்டி, துணைக்கு ஒரு சீனியரையும் போடும் பல்கலைக்கழகங்கள், வழியனுப்பும்போது பெரும்பாலும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. இந்த நாள் முதல் இந்த நாள் வரை இவர் இங்கே படித்தார் என்று ஒரு சான்றிதழ். அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முப்பது வருடப் பிடிவாதம் இருக்கிறது.

அவர் பெயர் சோஃபியா கொராடி, இத்தாலியச் சட்ட மாணவி. 1957இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கினார். 1958இல் ரோமுக்குத் திரும்பித் தன் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றார். அங்கே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம், ஊர் சுற்றிவிட்டு வந்து படித்தேன் என்கிறாயா என்ற தோரணையில் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியும் அனுப்பினார்கள்.

கொராடி அதை மறக்கவில்லை. பத்து வருடம் கழித்து, இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் மாநாட்டுக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார். 1969இல் ஒரு குறிப்பு எழுதினார்: மாணவர் வெளிநாட்டில் ஒரு பகுதி படிக்கட்டும், அதைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். கதவு கதவாகத் தட்டினார். 1987இல் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது. முதல் வருடம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்றைக்கு அந்தத் திட்டத்தில் போய்வந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். எராஸ்மஸ் அம்மா என்றுதான் மாணவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். 2016இல் ஸ்பெயின் மன்னர் கையால் ஐந்தாம் கார்லோஸ் பெயரிலான ஐரோப்பிய விருதை வாங்கினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொராடிக்கு நியூயார்க்கில் ஒரு குறையும் இல்லை. அடி விழுந்தது சொந்த ஊரில், திரும்பி வந்த பிறகு. அந்த அடிக்கு ஐரோப்பா கண்ட மருந்துதான் கிரெடிட் கணக்கு: ஒரு செமஸ்டருக்கு 30, ஒரு வருடத்துக்கு 60. என்ன பாடம் படிக்கப் போகிறார் என்று மாணவரும் இரண்டு பல்கலைக்கழகங்களும் முன்கூட்டியே கையெழுத்திட்டுவிடுவதால், திரும்பியதும் முடியாது என்று கைவிரிக்க வழியில்லை. நம் நாட்டில் யுஜிசி 2022இல் கொண்டுவந்த விதிகளிலும், இந்திய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இணைப்புத் திட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் வெளிநாட்டுக் கிரெடிட்டை ஏற்கலாம் என்று இருக்கிறது.

சரி, மார்க் ஏறிவிட்டது. மனசு? 1955இல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டு ஃபுல்பிரைட்காரர்களை ஆராய்ந்தார். போன புதிதில் உற்சாகம், நடுவில் சோர்வு, பிறகு தேறுதல் என்று ஒரு வளைவை வரைந்தார். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் அதோடு இன்னொரு வளைவைச் சேர்த்தார்கள். ஊர் திரும்பியதும் இரண்டாவது பள்ளம் ஒன்று காத்திருக்கிறது என்றார்கள். முதல் பள்ளத்துக்கு ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. இரண்டாவதில் விழுந்தவரிடம், அதான் வீட்டுக்கு வந்துவிட்டாயே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்பார்கள்.

பிரெஞ்சு இயக்குநர் செட்ரிக் கிளாபிஷ் 2002இல் இதைத்தான் சினிமாவாக எடுத்தார். பார்சிலோனாவில் பல நாட்டு மாணவர்களோடு ஒரே ஃபிளாட்டில் வாழ்ந்த சேவியே, பாரிஸுக்குத் திரும்பி அரசு வேலையில் சேரப் போகிறான். முதல் நாளே அலுவலகத்தை விட்டு ஓட்டம் பிடிக்கிறான். ஒரு செமஸ்டர் போய்வந்த எல்லோரும் இப்படி வேலையை உதறினால் நாடு தாங்காது, அது வேறு விஷயம்.

முன்காலத்தில் இந்தப் பள்ளத்தை மெல்லக் கடக்கக் கப்பல் இருந்தது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923இல் 8 மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியபோது அவர்கள் ரோஷாம்போ என்ற கப்பலில் போனார்கள். அமெரிக்க மாணவர்கள் ஓராண்டு வெளிநாட்டில் படிக்கும் வழக்கத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. திரும்பும்போதும் கடலில் பல நாட்கள். அழுது முடிக்கவும், கடிதம் எழுதவும், வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கவும் நேரம் கிடைத்தது. இன்றோ, இரவு பாரிஸில் கட்டிப்பிடித்து அழுதவர் மறுநாள் சொந்த வீட்டில் இட்லியோ டோஸ்டோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

டெலவேர் காட்டிய வழியில் பிறகு போய், விடைபெற்ற ஊரோடு உறவை விடாதவர்களில் ஒருவர் ஜாக்குலின் பூவியே. 1949–50இல் பாரிஸில், நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு சீமாட்டியின் வீட்டில் தங்கிப் படித்தார். சரியான வெப்ப வசதிகூட இல்லாத ஃபிளாட். 1961இல் அதே பெண் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாகப் பாரிஸ் வந்து, பிரெஞ்சு அதிபர் தெ கோலிடம் பிரெஞ்சில் பேசினார். ஜாக்குலினோடு கூட வந்தவன் நான்தான் என்று கென்னடியே பத்திரிகையாளர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்படி ஆயிற்று. 1963 ஜனவரியில் மோனலிசா ஓவியம் கடல் தாண்டி வாஷிங்டனில் காட்சிக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

விடைபெறவே மறுத்தவர்களும் இருக்கிறார்கள். எராஸ்மஸ் மாணவர்களில் 27 சதவீதத்தினர் தங்கள் வாழ்க்கைத் துணையை வெளிநாட்டில் படிக்கும்போதுதான் சந்தித்தார்கள் என்று ஐரோப்பிய ஆணையத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. 1987 முதல் அந்த ஜோடிகளுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்றும் ஆணையம் மதிப்பிட்டது. பெற்றோர்கள் பதற வேண்டாம். மீதி 73 சதவீதத்தினரும் இருக்கிறார்கள்.

விடைபெற வாய்ப்பே கிடைக்காதவர்கள் கதை வேறு. ஃபுளோரன்ஸ் நகரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சொந்த மையங்கள் உண்டு. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1959இலிருந்தே அங்கே இருக்கிறது. 2020 பிப்ரவரி கடைசியில் கொரோனா பரவியதும் சில நாட்களுக்குள் மையங்கள் மூடப்பட்டன. செமஸ்டர் பாதியில் நின்றது. மார்ச் 11 இரவு அமெரிக்க அதிபர் டிரம்ப் தொலைக்காட்சியில் தோன்றி, ஐரோப்பாவிலிருந்து வருவதற்குத் தடை என்றார். ஐரோப்பாவில் அப்போது நடுநிசி தாண்டியிருந்தது. பெற்றோர் போன் போட்டு எழுப்ப, பாரிஸிலும் மாட்ரிட்டிலும் இருந்த பிள்ளைகள் கையில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு விடியும் முன் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். டிக்கெட் விலை எகிறியது. உண்மையில் அந்தத் தடை அமெரிக்கக் குடிமக்களுக்குப் பொருந்தாது. பேச்சில் அது தெளிவாக வரவில்லை. மேடையில் நிற்கிறவர்கள் வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கொடியில் கையெழுத்து வாங்கவோ, எதிர் அறைக்காரனிடம் போய்வருகிறேன் என்று சொல்லவோ அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. திரும்பி வந்த மாணவரின் மதிப்பெண் பட்டியலை அலுவலகத்துக்கு அனுப்பும் அதே வாரத்தில், அவரையும் ஒரு வகுப்பறைக்கு அனுப்புங்கள். அடுத்த செமஸ்டர் கிளம்பப் போகிறவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசட்டும். நகராட்சியில் பதிவை ரத்துசெய்வது எப்படி, முன்பணம் எப்படித் திரும்பியது, யாரைப் பிரிய மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லட்டும். பெற்றோர்களே, சம்பளம் எவ்வளவு கிடைக்கும், அங்கேயே வேலை தேறுமா என்ற கேள்விகளைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். அந்தச் சமையலறையில் கூட இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் கேளுங்கள். போட்டோவைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். உச்சரிக்க வராவிட்டால் திரும்பவும் கேளுங்கள்.