நேரத்தைத் திருடும் காலிக் குடம்

(பட்டிமன்றத் தலைப்பு: நகரத்துக் குடிசைப் பகுதி மக்களைப் பெரிதும் வாட்டுவது வருமானப் பற்றாக்குறையா? தண்ணீர்ப் பற்றாக்குறையா? "தண்ணீர்ப் பற்றாக்குறையே" என்னும் அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் முழங்கினார். "கையில காசு இருந்தா தண்ணி தானா வாசலுக்கு வரும்" என்றார். நல்லாத்தான் பேசினார். ஆனால் பேசி முடித்து உட்கார்ந்ததும் என்ன செய்தார், பார்த்தீர்களா? மேசையில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை வறண்டபோது பர்ஸைத் திறந்து பார்க்கவில்லை, நடுவர் அவர்களே! (சிரிப்பு, கைதட்டல்)

வள்ளுவர் இதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார். கடவுள் வாழ்த்துக்கு அடுத்து, 2-ஆவது அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். பொருள் செயல்வகை எங்கே வருகிறது? 76-ஆவது அதிகாரத்தில்! எது முன்னால், எது பின்னால் என்று அவரே வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டார். (கைதட்டல்)

சரி, காசு இருந்தால் தண்ணீர் வருமா? 2019-ஆம் ஆண்டு கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டே போயின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர்! சென்னையில் அன்றைக்குப் பணமா இல்லை? வங்கி இருந்தது, நகைக்கடை இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

அதே கோடையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, ஆபீசில் தண்ணீர் இல்லை என்று ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா எந்த வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்? (சிரிப்பு)

சிரித்துவிட்டோம். இனிமேல் நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. என் வீட்டில் நடந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா ஏழு மணிக்கு வரவேண்டும். அந்த மாதம் பல நாள் எட்டு, எட்டரை ஆகிவிட்டது. "ஏம்மா, இன்னிக்கும் லேட்டா?" என்று கேட்டால், "இன்னா பண்றது மா, லாரி வரல" என்பார். நான் நம்பவில்லை. மாசக் கடைசியில் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், மேடையில் நியாயம் பேசுகிற நானேதான்!

ஒரு நாள் அவர் வரவே இல்லை. தேடிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து நாலே தெரு. அங்கே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. சில இடத்தில் குடத்துக்குப் பதிலாக ஒரு செங்கல்! அதுதான் ஆள். நகர்ந்தால் வரிசை போச்சு. அந்த அம்மாவும் அங்கேதான் நின்றார். லாரி எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்கும் வரலாம், பத்து மணிக்கும் வரலாம்.

நடுவர் அவர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தண்ணீருக்காக ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போகிறது என்றே வையுங்கள். வருஷத்துக்கு 730 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாள் என்று வைத்தால், 91 நாள்! வருஷத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாத வேலை! ஏழையிடம் நிலம் இல்லை, நகை இல்லை. இருக்கிற ஒரே முதல் அவர்களுடைய நேரம். அந்த முதலைத்தான் காலிக் குடம் களவாடுகிறது. வருமானம் ஏன் குறைந்தது என்று எதிரணி கேட்கிறது. இதனால்தான் குறைந்தது! (கைதட்டல்)

பிளாட்பாரத்தில் இட்லி சுடுகிற அக்காவைப் பாருங்கள். அரிசி ஊற, மாவு அரைக்க, தட்டு கழுவ எல்லாவற்றுக்கும் தண்ணீர். முதல் நாள் லாரி வரவில்லை என்றால் மறுநாள் கடை இல்லை. பூ விற்கிற பாட்டிக்கும் மீன் விற்கிற அம்மாவுக்கும் சரக்கு வாடாமல், கெடாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி சென்னையில் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல். இந்த நகரத்தின் பாதி வேலையைச் செய்கிறவர்களே அவர்கள்தானே!

"கேன் தண்ணி வாங்கலாமே" என்பார்கள். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் லிட்டர் 1,500 ரூபாய்! வசதியுள்ளவன் குழாயைத் திருகுகிறான். இல்லாதவன் லிட்டர் கணக்கில் காசு கொடுக்கிறான். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த அம்மா என் வீட்டுப் பாத்திரத்தைக் கொட்டுகிற குழாய்த் தண்ணீரில் தேய்க்கிறார். அவர் வீட்டுப் பாத்திரம் காய்ந்து கிடக்கிறது.

அன்றைக்கு வெட்கத்தோடு, பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவர் சொன்னார்: "துட்டு குடுத்தே, சந்தோசம் மா. ஆனா தண்ணி தெனம் ஒரே நேரத்துக்கு வர்ற மாதிரி யார்ட்டயாச்சும் சொல்லு மா. வந்துச்சுன்னா நானே இன்னும் ரெண்டு வீடு சேத்துப் புடிச்சுக்குவேன்."

நடுவர் அவர்களே! அந்த அம்மா இந்த மேடை ஏறியதில்லை. ஆனால் இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் என்னிடம் கூடுதல் சம்பளம் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு குழாய், அதில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர். அதைக் கொடுத்தால், மிச்சத்தை அவர் உழைத்துச் சம்பாதித்துக்கொள்வார்.

ஆகவே, குடிசைப் பகுதி மக்களைப் பெரிதும் வாட்டுவது தண்ணீர்ப் பற்றாக்குறையே! அந்த அம்மாவின் தீர்ப்பையே தங்கள் தீர்ப்பாகவும் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)