முதல் கார் வாங்குமுன்



ஒரு காலத்தில் நமக்கு வேலை லயத்து வாசலிலேயே இருந்தது. விடியலில் பெரட்டு, வெயிலேறுமுன் வெட்டு. காரைப் பற்றி நாம் நினைத்ததில்லை. இன்று பேராக்கில் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் குடியிருக்கும் பிள்ளைக்கு ஈப்போவில் வேலை. இரவு வேலை முடிந்து மழையில் மோட்டார் சைக்கிளில் வரும் மகனை எண்ணித் தாய் விழித்திருக்கிறாள். ஆகவே கார் நமக்கு ஆடம்பரமன்று, அவசியம். ஆனால் அவசியம் என்பதற்காக அவசரப்படலாகாது.

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அரிசியும் வாடகையும் பள்ளிச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். வாங்கிய கார் படுத்துவிட்டால் வேலையும் போகும். கடன் மட்டும் நிற்கும்.

பால்மரத்தில் கத்தி வைக்குமுன் பட்டையைப் பார்க்கிறோம். காரையும் அப்படியே பார்ப்போம். புதுச் சாயம் கண்டு மயங்க வேண்டாம். சாகா, மைவி, அக்ஸியா போன்ற உள்நாட்டுச் சிறு கார்களுக்குச் சாமான் சிறு பட்டணத்திலும் கிடைக்கும். 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 லிட்டர் காருக்கு 70 வெள்ளி.

பகலில் போய்ப் பாருங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சேறும் துருவும் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனையோ கார்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. பெயர் மாற்றத்திற்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்பார்கள். இஞ்சின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று அந்தச் சான்று சொல்லாது. நமக்குத் தெரிந்த மெக்கானிக்கே அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கடன். “மாதம் இவ்வளவுதான்” என்ற பேச்சுக்கு மயங்காமல், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். காப்புறுதி, டயர், பழுதுச் செலவையும் கூட்டுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முகத்துக்கு அஞ்சி ஜாமீன் நிற்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும்.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை இழுக்கலாம். ஆனால் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவின்றித் தொடக்கூடாது. வியாபாரி ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உண்டு. 50,000 வெள்ளி வரை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். ஆகவே ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

நண்பர்களே, தனியாகப் போய்ப் பேரம் பேசுகிறவன் தோற்பான் என்பது சங்கம் நமக்குக் கற்பித்த பாடம். காருக்கும் அதுவே பொருந்தும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கார் பார்க்கப் போகிறான் என்றால், விவரம் தெரிந்த இன்னொருவர் கூடப் போவோம்.