மண்ணில் பெயர் தேடுவோர்: மெக்சிகோவின் தேடல் குழுக்கள்

மெக்சிகோவில் காணாமற்போனவர்களைத் தேடி, அவர்களுடைய குடும்பத்தாரே மண்வெட்டியும் கம்பியும் எடுத்துக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் பாலை நிலத்துக்கும் போகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். மாத்ரெஸ் புஸ்கதோராஸ், அதாவது தேடும் தாய்மார் என்பது அங்கே அவர்களுக்கு வழங்கும் பெயர். இப்படிப்பட்ட தன்னார்வக் குழுக்கள் இன்று நாடெங்கும் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. யாருக்கும் சம்பளம் கிடையாது. வண்டி வாடகை, சாப்பாடு, கருவிகள் எல்லாம் பெரும்பாலும் அவரவர் கைக்காசு. அரசின் காணாமற்போனோர் பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2025இல் 1,25,000ஐயும் கடந்தது. தேட வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள் தேடவில்லை என்பதே குடும்பங்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்ததற்கு முதற்காரணம்.

காணாமற்போவது மெக்சிகோவில் நேற்றுத் தொடங்கியதன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இடதுசாரி இளைஞர்களையும் கெரெரோ மாநிலத்து உழவர்களையும் ராணுவமும் ரகசியக் காவல்துறையும் பிடித்துச் சென்றன. பலர் வீடு திரும்பவில்லை. 1975இல் மோந்தெர்ரே நகரில் பிடிபட்ட மருத்துவ மாணவர் ஒருவரின் தாய் ரொசாரியோ இபார்ரா. இவர் 1977இல், தம்மைப் போன்ற தாய்மாரை ஒன்றுசேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அது யுரேகா குழு என்று அறியப்பட்டது. 1978 ஆகஸ்டில் தலைநகரின் பேராலயத்தில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதையடுத்து அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. 1982இல் மெக்சிகோவின் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண்மணியும் இபார்ராதான். மகன் என்ன ஆனார் என்று தெரியாமலேயே 2022இல் அவர் காலமானார்.

இன்றைய பெருந்துயரம் 2006 டிசம்பரில் தொடங்குகிறது. அதிபர் பெலிப்பே கால்தெரோன் போதைப்பொருள் கும்பல்களை ஒடுக்க ராணுவத்தை இறக்கினார். கும்பல்கள் உடைந்து சிறு குழுக்களாயின. ஒவ்வொரு ஊரையும் வழித்தடத்தையும் பிடிக்க ஒன்றோடொன்று மோதின. பணம் பறிக்கவும், கட்டாயமாக ஆள் சேர்க்கவும், எதிரிக் கும்பலின் ஆள் என்ற வெறும் சந்தேகத்திலும் மக்கள் கடத்தப்பட்டார்கள். பல இடங்களில் காவலர்களே கும்பலுக்குக் கையாளாக இருந்தார்கள். உடல் கிடைத்தால்தானே கொலை வழக்கு? அதனால் கொல்லப்பட்டவர்களைப் புதைத்தார்கள், எரித்தார்கள், அமிலத்தில் கரைத்தார்கள். புகார் கொடுக்கப் போன பெற்றோரிடம் காவலர்கள், மூன்று நாள் பொறுத்து வாருங்கள் என்றார்கள். பையன் யாருடனாவது ஓடிப்போயிருப்பான், ஏதாவது தப்பான சகவாசம் இருந்திருக்கும் என்றார்கள். தேடுவதற்கு மிக முக்கியமான முதல் நாட்கள் இப்படியே கழிந்தன.

இந்தக் காலகட்டத்தில் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்த தொடக்க முயற்சிகளில் ஒன்று 2009இல் வடக்கே கோவாவிலா மாநிலத்தில் நடந்தது. ஆயர் ராவுல் வேரா அவர்களுக்குத் துணைநின்றார். நாடு முழுவதையும் உலுக்கிய நிகழ்வு 2014 செப்டம்பர் 26 இரவு நடந்தது. அயோட்சினாபா ஊரக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மாணவர்கள் 43 பேர், கெரெரோ மாநிலத்து இகுவாலா நகரில் காவலர்களால் பிடிக்கப்பட்டுக் கும்பலிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களைத் தேடி நகரைச் சுற்றியுள்ள குன்றுகளைத் தோண்டியபோது உடல்கள் கிடைத்தன. அவை அந்த மாணவர்களுடையவை அல்ல. அப்படியானால் இவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. அதுவரை பயந்து வாய் திறக்காமல் இருந்த உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கின. இகுவாலாவின் மற்ற காணாமற்போனோர் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, அதே ஆண்டு நவம்பரில் குன்றேறித் தேடவும் தொடங்கின.

அதே ஆண்டில் சினலோவா மாநிலத்து லோஸ் மோச்சிஸ் பகுதியில் மற்றொரு குழு உருவாயிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியை மிர்னா மெதீனாவின் மகன் 2014 ஜூலை 14 அன்று, பெட்ரோல் நிலையம் ஒன்றில் வியாபாரம் செய்துகொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மெதீனா மற்றத் தாய்மாரைத் திரட்டினார். எல் புவெர்த்தேயின் தடம் தேடுவோர் என்று குழு பெயர் பெற்றது. வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் தேடப் போனார்கள். உன்னைக் கண்டெடுக்கும் வரை தேடுவேன் என்ற வாசகம் அவர்களுடைய சட்டைகளில் இருக்கும். பிள்ளை கிடைத்துவிட்டால், வாக்கு நிறைவேறியது என்று எழுதிய சட்டைக்கு மாறுவார்கள். அதன்பிறகும் தேடலை விடுவதில்லை. மற்றவர்களின் பிள்ளைகளுக்காக மண்வெட்டியோடு வருவார்கள். மெதீனாவின் மகனுடைய எச்சங்கள் 2017 ஜூலை 14 அன்று, கடத்தப்பட்ட நாளிலிருந்து சரியாக மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்தன. அவரும் தேடுவதை நிறுத்தவில்லை.

இந்தக் குழுக்கள் தேடும் முறை அனுபவத்தில் விளைந்த அறிவு. எந்தப் பள்ளியும் அதை அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. இடம் பற்றிய துப்பு பெரும்பாலும் பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்பாக வரும். ஆடு மேய்ப்பவரோ விறகு பொறுக்குபவரோ காவல்துறையிடம் சொல்லப் பயப்படுவதைத் தாய்மாரிடம் சொல்வார்கள். இடத்துக்குப் போனதும் முதலில் நிலத்தைப் படிக்கிறார்கள். மண் தாழ்ந்து உள்வாங்கியிருக்கிறதா? அடிமண் மேலே வந்து நிறம் கலந்திருக்கிறதா? ஒரு திட்டில் மட்டும் செடிகள் வேறு விதமாக வளர்ந்திருக்கின்றனவா? பக்கத்தில் கயிறு, துணி, காலி மதுப்புட்டி கிடக்கின்றனவா?

சந்தேகம் வந்தால் வரில்லாவை எடுப்பார்கள். அது ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் கம்பி. பிடிப்பதற்கு மேலே குறுக்குக் கைப்பிடி உண்டு. ஒருவர் கம்பியைப் பிடிக்க, மற்றவர் சம்மட்டியால் அடித்து அதை மண்ணுக்குள் இறக்குவார். இறுகிய நிலம் கம்பியை எளிதில் விடாது. ஒருமுறை தோண்டி மூடிய இடத்தில் அது சட்டென்று இறங்கும். பிறகு கம்பியை உருவி, முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். உடல் அழுகும் வாடை இருந்தால் அங்கே தோண்டுவார்கள். பழைய குழிகளில் வாடை தங்குவதில்லை என்பதால், அங்கே மண்ணின் நிறத்தையும் தளர்வையும் நம்புகிறார்கள். எலும்பு தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தி, இடத்தை அடையாளமிட்டு, அரசுத் தடயவியல் வல்லுநர்களை அழைக்கிறார்கள். தடயம் கலைந்தால் வழக்கும் கெடும், அடையாளமும் கெடும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

எல்லா இடங்களிலும் முழு எலும்புக்கூடு கிடைப்பதில்லை. கோவாவிலா மாநிலத்தின் பாலை நிலத்தில், தொரெயோன் நகரத்துக் குடும்பங்கள் பத்ரோசினியோ என்ற இடத்தில் பல ஆண்டுகளாகத் தேடிவருகிறார்கள். அங்கே உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. மண்ணை வாரிச் சல்லடையில் சலித்து, விரல் நகத்தளவு எலும்புச் சில்லுகளைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். மிகையாக எரிந்த எலும்பில் மரபணு மிஞ்சுவதில்லை. அந்தச் சில்லு யாருடையது என்பது தெரியாமலே போகக்கூடும் என்பதை அறிந்தும், ஒன்றைக்கூட அவர்கள் விட்டுவருவதில்லை.

தன்னார்வத் தேடல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு வெராகுருஸ் சான்று. அங்கே 2014இல் லூசியா தியாஸ் என்ற தாய் சொலெசீத்தோ குழுவைத் தொடங்கினார். 2016 மே 10, மெக்சிகோவின் அன்னையர் நாள். அன்று நடந்த ஊர்வலத்தில், முன்பின் தெரியாத ஆட்கள் வண்டியில் வந்து, கையால் வரைந்த வரைபடம் ஒன்றைத் தாய்மாரிடம் கொடுத்துப் போனார்கள். அதில், வெராகுருஸ் துறைமுக நகருக்குப் பக்கத்திலுள்ள கொலீனாஸ் தே சாந்தா பே என்ற இடத்தில் நிறையச் சிலுவைக் குறிகள் போடப்பட்டிருந்தன. ஒவ்வொரு குறியும் ஒரு புதைகுழி. அந்த ஆகஸ்டில் தோண்டத் தொடங்கினார்கள். குலுக்கல் சீட்டு விற்றும், பலகாரமும் பழைய துணியும் விற்றும் கூலியாட்களுக்கும் கருவிகளுக்கும் பணம் சேர்த்தார்கள். 2019 வரை நீடித்த அந்தப் பணியில் 150க்கும் மேற்பட்ட குழிகளிலிருந்து ஏறக்குறைய 300 மண்டை ஓடுகளும் ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகளும் மீட்கப்பட்டன.

ஒரு மாநிலத்தில் கற்றது அடுத்த மாநிலத்துக்குப் போவதற்கும் வழி பிறந்தது. மிச்சோவகான் மாநிலத்துத் தாய் மரியா எர்ரேரா, 2008இல் இரண்டு மகன்களையும், அவர்களைத் தேடும் பாட்டில் 2010இல் மேலும் இரண்டு மகன்களையும் இழந்தவர். அவருடைய மற்ற மகன்களும் பிற குடும்பங்களும் சேர்ந்து 2016 ஏப்ரலில், வெராகுருஸ் மாநிலத்து அமத்லான் தே லோஸ் ரேயெஸ் ஊரில் முதல் தேசியத் தேடல் படையைக் கூட்டினார்கள். வெவ்வேறு மாநிலத்தார் ஒரே இடத்தில் தங்கி, அங்குள்ள குடும்பங்களோடு சேர்ந்து தேடுவதே அதன் ஏற்பாடு. இந்தப் படை மண்ணில் மட்டும் தேடுவதில்லை. ஒரு பிரிவினர் சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போதை மீட்பு மையங்களுக்கும் படங்களோடு போய், உயிரோடு இருப்பவர்களைத் தேடுகிறார்கள். இன்னொரு பிரிவினர் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேசி, ஊராரின் அச்சத்தைப் போக்குகிறார்கள்.

குடும்பங்களின் போராட்டம் சட்டமாகவும் பலித்தது. 2017 நவம்பரில் வெளியான காணாமற்போனோர் பற்றிய பொதுச் சட்டம் தேசியத் தேடல் ஆணையத்தையும் ஒருங்கிணைந்த பதிவேட்டையும் ஏற்படுத்தியது. தேடலில் பங்கேற்பது குடும்பத்தாரின் உரிமை என்பதும் அதில் இடம்பெற்றது. 2018இல் வந்த மற்றொரு சட்டம், காணாமற்போனவரை இறந்தவராக அறிவிக்காமலே அவருடைய வேலை, கடன், சொத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வழிசெய்யும் தனி அறிவிப்பைக் கொண்டுவந்தது. 2020இல் வெளியான தேடல் நெறிமுறை, காணாமற்போனவர் உயிரோடு இருக்கிறார் என்று கொண்டே தேடலைத் தொடங்கச் சொல்கிறது.

ஆனால் கண்டெடுப்பதோடு வேலை முடிவதில்லை. குடும்பத்தார் தரும் ரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரியோடு எலும்பின் மரபணுவை ஒப்பிட்டால்தான் பெயர் கிடைக்கும். அங்கேதான் பெரிய முடக்கம். அடையாளம் தெரியாமல் அரசின் பிணவறைகளிலும் பொதுக் கல்லறைகளிலும் 52,000க்கும் மேற்பட்ட உடல்கள் இருப்பதாகக் குடும்பங்களின் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. 2018இல் குவாதலஹாராவில் பிணவறை நிரம்பி, இருநூறுக்கும் மேற்பட்ட உடல்களைக் குளிர்சாதன லாரியில் ஏற்றி இடம் மாற்றிக்கொண்டே இருந்த செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது. ஒரு தாய் பாலைவனத்தில் மகனைத் தேடிக்கொண்டிருக்கையில், அவனுடைய உடல் நகரத்துப் பிணவறையிலேயே எண்ணிட்டுக் கிடக்கலாம். இதைவிடக் கொடிய நிலை வேறில்லை. நீதியும் எட்டாத தூரத்திலேயே நிற்கிறது. 2021 நவம்பரில் மெக்சிகோ சென்ற ஐ.நா. குழு, நாடு முழுவதிலும் அதுவரை 36 வழக்குகளில் மட்டுமே தண்டனைத் தீர்ப்பு வந்திருப்பதைப் பதிவுசெய்தது.

தேடுவோரின் உயிருக்கும் பாதுகாப்பில்லை. தமவுலிபாஸ் மாநிலத்தில், தம் மகளைக் கொன்றவர்களைத் தாமே துப்பறிந்து பிடித்துக்கொடுத்த மிரியம் ரொத்ரீகெஸ், 2017 மே 10 அன்னையர் நாளில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகும் பல மாநிலங்களில் தேடும் தாய்மாரும் தந்தையரும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். குற்றவாளி யார் என்று கேட்கவில்லை, பிள்ளைகள் மட்டும் கிடைத்தால் போதும் என்று பல குழுக்கள் வெளிப்படையாகவே சொல்வது இதனால்தான்.

2025 மார்ச்சில் ஹலிஸ்கோ மாநிலத்துத் தெவுச்சிட்லான் ஊரில் நடந்தது, இந்தக் குழுக்கள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை மீண்டும் காட்டியது. கும்பல் ஒன்று ஆள் சேர்த்துப் பயிற்சி தந்த பண்ணை அங்கே இருந்தது. 2024 செப்டம்பரிலேயே அரசுப் படையினர் அதைச் சோதனையிட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்துத் தேடல் குழுவினர் உள்ளே போனபோது நூற்றுக்கணக்கான காலணிகளும் துணிகளும் பைகளும் எரிந்த எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. படங்கள் வெளியானதும், இது என் மகனுடைய சட்டை, இது என் தம்பியின் பை என்று பல மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன.

இந்தத் தேடல் மெக்சிகோவோடு நிற்பதன்று. ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அனைத்துலக நாள். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் கூட்டமைப்பு தொடங்கிவைத்த இந்த நாளை ஐ.நா. 2010இல் ஏற்றுக்கொண்டது. மெக்சிகோவின் தெருக்களில் தாய்மார் படங்களோடு நடக்கும் அதே நாளில், 2017 முதல் தொடர் போராட்டம் நடத்திவரும் இலங்கையின் வடக்கு, கிழக்குத் தமிழ்த் தாய்மாரும் பிள்ளைகளின் படங்களை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள்.

தெவுச்சிட்லானுக்குப் பிறகு, 2025 ஜூலையில் மெக்சிகோ தன் சட்டத்தைத் திருத்தியது. அடையாளத் தரவுகளை இணைப்பதும் தாமதமின்றித் தேடலைத் தொடங்குவதும் அதன் நோக்கம். குடும்பங்கள் கேட்பது நீண்ட பட்டியல் அன்று: ஆய்வகங்களில் போதிய வல்லுநர்கள், பொதுக் கல்லறைகளில் எண்ணிட்டுப் புதைத்த உடல்களுக்குப் பெயர், தேடப் போகிறவர்களுக்குப் பாதுகாப்பு, குற்றவாளிகள் மீது வழக்கு. குழிகளைக் கண்டுபிடிக்கும் வேலையைச் சம்பளமும் பயிற்சியும் இல்லாத தாய்மார் செய்து காட்டிவிட்டார்கள். மிச்சமிருக்கும் இந்த நான்கும் அரசால் மட்டுமே செய்யக்கூடியவை.