உழவர்க்கு அரசு வழங்கும் பொருளும் அதனை அடையும் நெறியும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவைப் பற்றிப் பேசப் பள்ளியாசிரியர்க்கு என்ன உரிமை என்று தங்களிற் சிலர் வினவக்கூடும். பட்டாவிலுள்ள எழுத்தைப் படித்துப் பொருள் கூறுதலும் ஆசிரியர் தொழிலின் பாற்பட்டதே யாதலின், அவ்வளவில் நின்று சில சொல்லத் துணிந்தோம்.

நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. நம் பிள்ளைகளிற் பலர் அங்கே ஊதியம் பெறுகின்றனர், அது நன்றே. ஆயினும் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களிலும் நெல் கண்ட நிலத்தில் எஞ்சியதை உழுவோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்பொருட்டுத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தனி வேளாண்மை நிதிநிலை அறிக்கை அளித்தது. மத்திய அரசும் பொருள் ஒதுக்குகின்றது. ஒதுக்கிய பொருள் நம்மவர் பலரை அடையாமை எதனால் என்பதே இன்று ஆராயற்பாலது.

சாமி வரங்கொடுத்தும் பூசாரி வரங்கொடான் என்று பழமொழி கூறி அலுவலரைப் பழித்தல் எளிது. அப்பழிக்கு உரியாரும் சிலர் இருக்கலாம். எனினும் பல குடும்பங்களில் முதல் தடை நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றது. பாட்டனார் காலஞ்சென்று பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். நிலத்தின் விலை ஏற ஏறச் சகோதரர் ஒருவரை யொருவர் ஐயுற்றுப் பாகம் பிரியாதிருப்பர். உழுபவர் ஒருவர், பட்டாவிலுள்ள பெயர் மற்றொன்று. அரசோ பெயரைக் கண்டே பொருள் தருவது.

பிரதமர் கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டம் நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 6,000-ஐ மூன்று தவணையாக வங்கிக் கணக்கிற் சேர்ப்பது. 2019 பிப்ரவரி 1-ஆம் நாளில் நிலம் எவர் பெயரில் இருந்ததோ அவர்க்கே உரிமை. அதன்பின் விலைக்கு வாங்கினார்க்கு இல்லை. உடையவர் இறந்து வாரிசாகப் பெற்றார்க்கு உண்டு. வருமானவரி செலுத்துவோர் விலக்கப்படுவர். ஈண்டு நம்மவர் பலர் மயங்குகின்றனர். குடும்பம் என்பது கணவன், மனைவி, வயதுவராத மக்கள் என்ற அளவே. ஆதலின் ஆலையிற் பணிபுரியும் வயதுவந்த மகன் வரி செலுத்துதல், தம் பெயரில் நிலமுடைய தந்தையின் உரிமையைக் கெடாது. தவறாக அஞ்சி விண்ணப்பியாதிருத்தல் வேண்டா.

சொட்டுநீர்ப் பாசனம் அடுத்தது. 5 ஏக்கர் வரை நிலமுடைய சிறு, குறு உழவர்க்கு நூற்றுக்கு நூறும், ஏனையோர்க்கு நூற்றுக்கு எழுபத்தைந்தும் மானியம் தருதல் தமிழ்நாட்டின் வழக்கம். பட்டா, சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் வழங்கும் சிறு குறு உழவர் சான்று, நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியன வேண்டும். குத்தகைக்கு உழுவார் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். உணவுப்பயிர்க்குக் காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு இரண்டும், ராபிப் பருவத்தில் ஒன்றரையும் மட்டுமே உழவர் செலுத்துவது. இவர்க்கும் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கற் சான்றே ஆதாரம்.

ஆகவே, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்று, பாகப்பிரிவினையைப் பதிவுசெய்து, உட்பிரிவு அளந்து பட்டா மாற்றுதலே முதற்கடன். அதிற் பெண்மக்களை விட்டு எழுதுதல் அறமுமன்று, சட்டமுமன்று. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த உரிமையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்துள்ளது.

இனி, தனியொருவர் பெற இயலாத பொருள் ஒன்றுண்டு. அது ஏரிக்கு வரும் பொருள். நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. வாரியத்தில் அமர்வோர்க்குச் சொந்த நிலம் வேண்டும். முன்பு அமர்ந்து கணக்குக் காட்டாதோர்க்கு இடமில்லை. நிலத்தில் பெயரும் கணக்கில் நேர்மையும் அன்றே கேட்கப்பட்டன.

2017 மார்ச் 13-ஆம் நாள் அரசு குடிமராமத்துத் திட்டத்தை நமக்கு அண்மையிலுள்ள மணிமங்கலம் ஏரியில் தொடங்கிற்று. முதற் கட்டத்தில் 1,519 பணிகளுக்கு ரூ. 100 கோடி ஒதுக்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பங்கை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரல் வேண்டும் என்பது விதி. சங்கம் அமைத்துப் பதிவு செய்திருந்த ஊர்க்கே அப்பணி எளிதில் வாய்ப்பது. ஆட்சி மாறும்; திட்டத்தின் பெயரும் மாறும்; ஒன்றுபட்ட ஊரை நாடிப் பொருள் வருதல் மாறாது.

ஏரியைக் காத்தல் உழவர்க்கு மட்டும் உரிய நலமன்று. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கம் சேர்கின்றது. சென்னை மாநகர் அதனைப் பருகுகின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தொடர்பின் வலிமையை அனைவரும் கண்டோம். வரத்துக்கால் தூர்ந்தால் கோடையில் வறட்சி, மாரியில் அழிவு.

சகோதரர்களே, ஈண்டு ஒன்றை மறையாது கூறுவோம். ஏரிநீர் சாதி பார்த்துப் பாய்வதன்று. மதகின்கீழ் நம் வயலும் உண்டு, பிறர் வயலும் உண்டு. நம் சங்கம் தனியே சென்று ஏரிக்குப் பொருள் கேட்பின் அது கிட்டாது. கிட்டினும் ஊரைப் பிளக்கும். ஆயக்கட்டுச் சங்கத்தில் உழவர் என்ற ஒரு பெயரோடு, சேரி மக்களையும் சமமாக இருத்தி, அவரோடு கலந்து நிற்றல் வேண்டும்.

நம் சங்கம் செய்யத்தக்கது வேறு. திங்களுக்கு ஒருநாள் இக்கட்டடத்தில் படித்த இளைஞர் இருவர் அமர்க. முதியோர் கொணரும் பத்திரங்களைப் படித்துக் குறையைச் சொல்க. உழவன் செயலியிற் பதிந்து தருக. 2025-ஆம் ஆண்டு முதல் உழவர்க்குக் கேட்கப்படும் தனித்துவ அடையாள எண்ணைப் பெறத் துணைசெய்க. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கும், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நிகழும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திற்கும் உடன் செல்க. எந்த ஊரார் வரினும், எக்குலத்தார் வரினும் மறுக்கற்க. விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டைப் பெறாது திரும்பற்க. இடைத்தரகர்க்கு ஒரு காசும் கொடுக்கற்க.

நிலத்தை விற்போரை யாம் இகழவில்லை. அவரவர்க்கு அவரவர் முடை. உழ விரும்பி நிற்பவர், எழுத்து ஒன்று பிழைத்தமையால் உரிய பொருளை இழந்து, அதனாலேயே நிலத்தையும் விற்கும் நிலை வரலாகாது என்பதே எம் வேண்டுகோள். இன்றிரவு இல்லம் சென்றதும் பெட்டியைத் திறந்து, பட்டாவில் எவர் பெயர் உளது என்று பார்மின்.