நகரத்தோடு இணைந்த கடற்கரைக் கிராமம்

(பஞ்சாயத்துத் தலைவர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



நகரத்தின் எல்லை நம் ஊரை நெருங்கும்போது நாம் எதைக் காத்துக்கொள்ள வேண்டும்? இவ்வினாவை மனத்திற்கொண்டு, இங்கிலாந்து தேசத்துக் கிராமம் ஒன்றின் வரலாற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தென் கடற்கரையில், பிரைட்டன் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 4 மைல் தொலைவில் உள்ளது ராட்டிங்டீன். சுண்ணக் குன்றுகளிடையே ஆடு மேய்த்தும் பயிரிட்டும் வாழ்ந்த சிற்றூர் அது. பிரைட்டனோ, 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்தபின் உல்லாசப் பயணிகள் திரளும் நகரமாக ஓங்கிற்று. 1896-ல் கடலுக்குள்ளேயே தண்டவாளம் பதித்து, உயர்ந்த கால்கள்மீது நிற்கும் மின்சார வண்டியை ராட்டிங்டீன் வரை ஓட்டினார்கள். கடலரிப்புத் தடுப்பு வேலைகள் குறுக்கிட்டமையால் 1901-ல் அது நின்றது. 1897 முதல் அவ்வூரில் வசித்த எழுத்தாளர் கிப்ளிங், வேடிக்கை பார்க்க வந்தோரின் தொல்லை பொறாது 1902-ல் ஊரைவிட்டே அகன்றார்.

1928-ல் ராட்டிங்டீன் பிரைட்டனுடன் இணைக்கப்பட்டது. இதனால் நன்மை விளையாமலில்லை. 1930-களின் தொடக்கத்தில், செங்குத்தான கரையின் அடியில் அலையரிப்பைத் தடுக்கும் நீண்ட சுவரும் நடைபாதையும் எழுந்தன. சிற்றூர் ஒன்று தன் வரிப்பணத்தால் செய்யக்கூடிய பணியன்று அது. ஆயினும், தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஊரைவிட்டுப் போயிற்று.

ஊர்மக்கள் வாளாவிருந்தாரல்லர். 1980-களில், கிப்ளிங் வாழ்ந்த வீட்டின் தோட்டத்தில் கட்டடங்கள் எழும் நிலை வந்தபோது, ஊர்ப் பாதுகாப்புச் சங்கத்தார் நிதி திரட்டி அதை வாங்கினர். செம்மைசெய்து, பொதுப் பூங்காவாக நகராட்சியிடமே ஒப்படைத்தனர். 68 ஆண்டுகளுக்குப் பின், 1996-ல், அவ்வூருக்குத் தனி ஊர்மன்றம் மீண்டும் கிடைத்தது.

இணைப்பு வேண்டாமென்று மனுவுடன் நம் அலுவலகத்துக்கு வருவோரிடம், “உங்கள் ஊரின் பொது நிலங்கள் எவை?” என்று கேட்கிறோம். பலர் விடைகூறத் தயங்குகின்றனர். குளம் எது, களம் எது, மேய்ச்சல் நிலம் எது என்று ஊராரே அறியாதபோது நகரம் எவ்வாறு அறியும்? ஆதலின், பொது நிலப் பதிவேட்டைச் செம்மையாக வைத்திருங்கள். கிராம சபையைத் தவறாது கூட்டி அதனைப் படித்துக் காட்டுங்கள். எல்லைக்கோடு எங்கு விழுந்தாலும், ஊருக்காகப் பேச அப்போது நாலுபேர் இருப்பார்கள்.