கணினி அடுக்கில் பாரம் ஏற்றும் முறை

மகனுக்குக் கணினி வேலை கிடைத்துவிட்டது என்றால் நம் வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கிறது. வெயில் இல்லை, அட்டைக்கடி இல்லை. குளிரூட்டிய அறை, கழுத்தில் அடையாள அட்டை. பையன் பிழைத்துக்கொண்டான் என்று தாய் அண்டை வீட்டாரிடம் சொல்லி மகிழ்கிறார். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதி இரும்பு தூக்கும் வேலை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆகையால் இன்று நான் பேசுகிறேன்.

பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்பதை அறிவீர்கள். அதன் அருகே 1990களின் பிற்பகுதியில் சைபர்ஜெயா எழுந்தது. அங்கும், அண்மை ஆண்டுகளில் ஜொகூரின் கூலாய், செடெனாக் வட்டாரங்களிலும் தரவு மையங்கள் என்னும் பெருங்கட்டடங்கள் நிற்கின்றன. நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் படமும் நம் வங்கிக் கணக்கும் இத்தகைய கட்டடங்களில் இருக்கும் கணினிகளில்தான் தங்குகின்றன. அந்தக் கணினிகளுக்குச் சர்வர் என்று பெயர். குத்தகையாளரின் கீழ் அவற்றைப் பொருத்தும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள்.

சர்வர், மேசைமேல் நாம் காணும் கணினியைப் போன்றதன்று. தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும் இரும்புப் பெட்டி அது. அலமாரி போன்ற ஓர் இரும்பு அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். அதன் முகப்பு 19 அங்குல அகலம். உயரத்தை 'யு' என்ற அளவால் கணக்கிடுவர். ஒரு யு என்பது ஒன்றே முக்கால் அங்குலம். வழக்கமான அடுக்கில் 42 யு இருக்கும். அதாவது ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். நிரம்பிய அடுக்கு 1000 கிலோவைத் தொடக்கூடும். ஒரு சிறிய காரை நட்டக்குத்தலாக நிறுத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அது சாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஏன் சாய்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

வீட்டில் இழுப்பறைகள் வைத்த அலமாரி இருந்தால், எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்துப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன்; அது முன்பக்கம் கவிழும். சர்வர்களும் தண்டவாளம் போன்ற இரு சட்டங்களின்மேல் முன்னோக்கி வழுக்கி வருபவை. ஒன்றை வெளியே இழுத்தாலே அடுக்கின் பாரம் முன்னுக்கு வந்துவிடுகிறது. இரண்டை இழுத்தால்? அவசரத்தில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதை உள்ளே தள்ளிய பிறகே அடுத்தது. அதற்கும் முன்னால், அடுக்கின் கால்களை இறக்கி மட்டம் பார்க்க வேண்டும். கவிழாமல் தாங்கும் கட்டை கொடுத்திருந்தால் அதை முன்புறம் மாட்ட வேண்டும். தரையோடு முடுக்கச் சொல்லியிருந்தால் முடுக்க வேண்டும். இவை முடியும்வரை ஒரு பெட்டியும் ஏறக்கூடாது.

பாரமானது கீழே, இலேசானது மேலே. லோரியில் சாமான் ஏற்றத் தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல. காண்டாக் கம்பில் இருபுறமும் பால் வாளி தொங்க மேடு ஏறிய நம் பெரியவர்கள், பாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தோளாலேயே அறிந்தவர்கள். ஆனால் கீழே ஏற்றுவதற்குக் குனிய வேண்டும். நெஞ்சு உயரத்தில் பொருத்துவது சுலபம். சுலபத்துக்கு ஆசைப்பட்டு நடுவிலிருந்து தொடங்குகிறார்கள்.

அடுத்து, தூக்குவது. 1 யு சர்வரே 15 முதல் 20 கிலோ இருக்கும். வட்டுகள் நிறைந்த 2 யு சர்வர் 30 கிலோவைத் தாண்டலாம். செயற்கை நுண்ணறிவு வேலைக்கென வரும் 8 யு சர்வர்களில் 130 கிலோ எடையுள்ளவையும் உண்டு. "செம்பனைக் குலை தூக்கிய கைக்கு இது எம்மாத்திரம்?" என்று இளைஞர்கள் மார்தட்டுவதைக் கேட்டிருக்கிறேன். குலை தவறி விழுந்தால் குலைக்கு ஒன்றும் ஆகாது. அதைக் குறிபார்த்து ஒரு சட்டத்துக்குள் செருகவும் வேண்டாம். சர்வரையோ இருபுறச் சட்டங்களிலும் சரியாகப் பொருந்தும்வரை கைநீட்டித் தாங்கிக்கொண்டே நிற்க வேண்டும். முதுகு போவது அந்தச் சில விநாடிகளில்தான். ஆகவே இருவர் தூக்க வேண்டும். தோளுக்கு மேலே என்றாலோ, மிகக் கனமானது என்றாலோ, தூக்கும் எந்திரம் வேண்டும். பெட்டியின்மேல் எடையும் எத்தனை பேர் தூக்க வேண்டும் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும்; வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் உள்ள மின்பகுதியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அது கழன்று கையோடு வரும்.

சட்டங்களை மாட்டும்போது துளைகளை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு யுவுக்கு மூன்று துளைகள். அவற்றின் இடைவெளி ஒரே மாதிரி இராது. குறுகிய இடைவெளி, அதாவது அரை அங்குலம், வரும் இடத்தில்தான் ஒரு யு முடிந்து மறு யு தொடங்குகிறது. இது தெரியாமல் மாட்டினால் இடச்சட்டம் ஒரு மட்டத்திலும் வலச்சட்டம் வேறு மட்டத்திலும் நிற்கும். சர்வர் கோணலாக உட்கார்ந்து நழுவும்.

மின்சாரத்துக்கு வருவோம். அலுமினிய அரிவாள் கம்பை மின்கம்பியின் பக்கம் கொண்டுபோகாதே என்று செம்பனைத் தோட்டத்தில் படித்துப் படித்துச் சொல்கிறோம். இங்கே கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. சர்வர்கள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மின்வடங்கள் உண்டு; ஒன்று போனாலும் மற்றொன்று ஓட்டும். ஒரு வடத்தைப் பிடுங்கிவிட்டு மின்சாரம் நின்றது என்று நினைப்பது ஆபத்து. முகப்புப் பொத்தானை அழுத்தி அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். இரண்டு வடங்களையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்கலாம். மோதிரம், சங்கிலி, கைக்காப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டும் நிலைமின் பட்டை ஒன்று தருவார்கள். அது இயந்திரத்தைக் காப்பதற்கு, மனிதனைக் காப்பதற்கன்று. மின்சாரம் ஓடும் பகுதியைத் தொட அது அனுமதிச் சீட்டாகாது.

தீயை அணைக்க இத்தகைய அறைகள் பலவற்றில் வாயு பாய்ச்சுவார்கள். எச்சரிக்கை மணி ஒலித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

பெற்றோர்களே, ஒன்று கேளுங்கள். "ஆள் இல்லை, நீயே தூக்கு" என்று மேற்பார்வையாளர் சொன்னால் பையன் என்ன செய்வான்? வேலை போய்விடுமே என்று தூக்குவான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. இதை அவனிடம் சொல்லி அனுப்புங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். சொக்சோ சந்தா பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.