சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியும் எல்லைப்புறமும்



18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தம் தாயகத்து வேட்டைத் துப்பாக்கியை நீண்ட குழலுடையதாக மாற்றியமைத்தனர். இரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி வளைத்து, உலையிலிட்டு, சிறிது சிறிதாக அடித்து ஒட்டியதே அக்குழல். உட்சுவரில் சுருள் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் கையால் அறுப்பர்; அவற்றால் ஈயக்குண்டு சுழன்று நேரே செல்லும். விசையை இழுத்தால் கல் எஃகில் மோதும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். சிறு துளை வழியே தீ குழலுட் புகும். சில வேளை கிண்ணம் மட்டுமே பளிச்சிட்டு எரியும், குண்டு கிளம்பாது. (கவியரங்கங்களிலும் இது நிகழ்வதுண்டு.)

முற்றும் கையால் செய்யும் இக்கலை ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் அதனை மீட்டார். அவர் ஒரு துப்பாக்கியை உருவாக்கும் முறை 1969இல் திரைப்படமாயிற்று. இன்று அமெரிக்காவில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். மான்தோல் ஆடை அணிந்து, கூடாரமிட்டு, எல்லைப்புற வாழ்வை நடித்துக் காட்டுகின்றனர். ஒரு பொத்தானுக்கும் சான்று தேடும் அக்கறை போற்றத்தக்கது.

ஆனால் அது யாருடைய எல்லை? அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறலாகாதென 1763இல் பிரிட்டிஷ் மன்னர் ஆணையிட்டார். குடியேறிகள் பலர் அதனை மதிக்கவில்லை. அங்கு ஷானி, டெலவேர் மக்கள் வாழ்ந்தனர். அவர்களை மரத்தின் பின் பதுங்கிய பகைவராக மட்டும் காட்டும் நடிப்பில், பொத்தானுக்குத் தேடிய சான்று தேடப்படுவதில்லை. அவ்வகைத் துப்பாக்கிகளை அம்மக்களும் வாங்கினர். தம் நிலத்தைக் காக்க அவற்றையே ஏந்தினர்.